பெரகலயில் மைனஸ் நாற்பது

“நேத்து பகல் பதினொண்ணே முக்காலுக்கு பெரகல சந்தியில குளிரு மைனஸ் நாப்பது. மருதை அண்ணன் பின் சீட்டுல படுத்துக்கிட்டு, கண்ணத் தொறக்காம, அந்தக் குளிர வெறுங்கையால புடிச்சு முப்பத்தாறு வரைக்கும் ஏத்தினார். பொய் சென்னா என்ட நாக்கு அழுகிப் போகட்டும்!”

வாசலில் கட்டியிருந்த படங்கின் கீழே நஸீர் நானா இதைச் சொன்னபோது, உள்ளே பாக்கியலெட்சுமி செத்துப்போன அப்பாவின் வலது கட்டைவிரலை மூன்றாவது தடவையாகச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு போகவில்லை. ரேகைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது.

வெளியே கூட்டம் சிரித்தது. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்தவர்கள் அதை இருமலாக மாற்றினார்கள். ஒரே நேரத்தில் நாற்பது பேருக்கு இருமல் வந்ததை அந்தத் தோட்டம் கொரோனா காலத்தில்கூடக் கண்டதில்லை.

நஸீர் நானா பெரகல சந்தியில் நாற்பத்தொரு வருடம் கராஜ் வைத்திருந்தவர். கராஜை மூடி ஏழு வருடமாகிறது. வாயை இன்னும் மூடவில்லை. அவர் சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்த ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்ற எந்த வாகனமும் அவர் கை படாமல் மறுபடி ஓடியதில்லை. பிரேக் இல்லாமல் இறங்கி வந்த ஒரு பஸ்ஸை நடுரோட்டில் நின்று அதட்டியே நிறுத்தியிருக்கிறார். செத்துப்போன மருதையும் சளைத்தவரல்ல. முப்பத்துமூன்று வருடம் தோட்டத்து லொறி ஓட்டியவர். இரண்டு பேரும் ஆளுக்கொரு பிளேன்டீயோடு உட்கார்ந்து எழும்பினால் அப்புத்தளை மலை அரையடி உயர்ந்திருக்கும்.

பாக்கியத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கங்காணி, அந்தத் தோட்டத்தின் முதல் பெண் கங்காணி. மேலே தளிரைப் பரப்பி அடியில் முற்றின இலையைத் திணித்த கூடையை, அதைச் சுமந்து வருகிறவளின் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கோயில் பூசாரியின் திருநீற்றுத் தட்டையும் ஒருநாள் விரலை விட்டுக் கிளறிப் பார்த்தாள் என்று பேச்சு. அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. சந்தேகத்தை முதலில் சொல்லமாட்டாள். ஆளைப் பேசவிடுவாள். பேசி முடித்ததும் கூடையைக் கவிழ்ப்பாள்.

இன்று கவிழ்க்க வேண்டிய கூடை தங்கை புருசன் கஜேந்திரன்.

நேற்று அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது, பதுளையிலிருந்து வந்திருந்த அவன்தான் தன் வாடகைக் காரில் தனியாக ஏற்றிக்கொண்டு போனான். பத்தரைக்குப் புறப்பட்ட கார், மேட்டுக்கு ஏறிப் பெரகல சந்தியில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவின் பழைய வருத்தம் எழுதிய கிளினிக் கொப்பி இருந்ததால் சாயங்காலமே உடலைத் தந்துவிட்டார்கள்.

ராத்திரி அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலையில் குளிப்பாட்டும்போதுதான் தோன்றியது. “ஆம்பளைங்க பாத்துக்குறோம், நீ தள்ளிக்கம்மா” என்றார்கள். தள்ளிக்கொள்ளாமல் வேட்டியை அவளே மாற்றினாள். அப்பாவின் இடுப்பில் அரைஞாண் கயிறு இல்லை.

பிறந்த முப்பதாம் நாளிலிருந்து எழுபத்திரண்டு வயதுவரை ஒரு நாளும் இறங்காத கறுப்புக் கயிறு. பழையது நைந்தால் புதியதைக் கட்டிக்கொண்டு பிறகுதான் பழையதை எடுப்பார். அதில் ஒரு செப்புத் தாயத்து கிடக்கும். உயிரோடு இருக்கும் ஆம்பளையின் இடுப்பிலிருந்து அதை யாரும் எடுப்பதில்லை. உயிர் போன பிறகுதான் அறுப்பார்கள்.

அப்படியானால் யாரோ அறுத்திருக்கிறார்கள். எப்போது?

அங்கேயிருந்து சந்தேகம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. அப்பா பெரகலயிலேயே செத்துவிட்டார். அங்கே கயிற்றை அறுத்திருக்கிறார்கள். கட்டைவிரலில் மை. இந்த வீடு நிற்கிற ஏழு பேர்ச் காணியின் உறுதிப் பத்திரம் அப்பா பெயரில்தான் இருக்கிறது. மருதை கையெழுத்துப் போடத் தெரிந்தவர்; ஆனால் பேனா பிடிக்க முடியாதவரிடம் விரலைத்தானே கேட்பார்கள்? அரை மணி நேரம் தாராளமாகப் போதும். அதன் பிறகு ஒரு பிணத்தைப் பதுளை வரைக்கும் ஊர்வலமாகக் கொண்டுபோய், வழியில் உயிர் போனதென்று கதை கட்டியிருக்கிறார்கள். கதை கட்ட நஸீர் நானாவை விட்டால் இந்த மாகாணத்தில் வேறு யார்?

மூன்று மணிக்குப் பெட்டி எடுக்க வேண்டும். மருதைக்கு ஆண்பிள்ளை இல்லை. பாக்கியத்தின் புருசன் கத்தாரில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. குடம் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றி உடைக்க வேண்டியவன் கஜேந்திரன்தான். மூத்த மகள் எடுத்துக் கொடுக்காமல் குடம் அவன் தோளுக்குப் போகாது. கொடுக்காவிட்டால் தங்கை விதுஷா இந்த வாசலை இனி மிதிக்கமாட்டாள். பாக்கியம் இரண்டையும் நிறுத்துப் பார்த்திருந்தாள். ஏமாற்றியவன் தோளில் அப்பாவின் குடத்தை வைப்பதைவிடத் தங்கை போகட்டும்.

விரலைத் துடைத்து, அப்பாவின் கையை மெதுவாக நெஞ்சில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

*

கஜேந்திரன் பீலிக்கரையில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவன் பேசுவதே அபூர்வம். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊமையோ என்று மூன்று டிவிசனும் பேசிக்கொண்டது.

“சாப்பிட்டியா தம்பி?”

“இல்லக்கா. பெட்டி எடுத்தப்புறம்.”

“நேத்தும் சாப்பிட்டிருக்க மாட்ட. பெரகலயில ஒரு டீயாச்சும் குடிச்சியா?”

“இல்ல.”

“அவ்வளவு நேரம் நின்னீங்களே?”

“வண்டி நின்னுருச்சுக்கா. பெற்றோல் நாத்தம், கறுப்புப் பொக. மிதிச்சா இழுக்கல.”

“அங்கன த்ரீவீல் இல்லையா?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். “நஸீர் நானா ஒண்ணக் கூப்பிட்டாரு. மாமா ஏற மாட்டேன்னுட்டாரு. லொறிக்காரன் வண்டிய ரோட்டுல விட்டுட்டுப் போகமாட்டான்னு சொன்னாரு.”

“சாகப்போற மனுசன்?”

“ஆமாக்கா.”

“அப்புறம் என்ன பேசுனாரு?”

“காரப் பத்தி.”

“கடைசிப் பேச்சு காரப் பத்தியா? பொண்ணுங்களப் பத்தி இல்ல, பேரப்புள்ளைங்களப் பத்தி இல்ல?”

கஜேந்திரன் அவள் முகத்தைப் பார்க்காமல் பீலியைப் பார்த்தான். “காரப் பத்திதாங்க்கா.”

பொய் சொல்கிறவன் அழகான பொய்யாகச் சொல்வான்; அப்பா உங்களைத்தான் கேட்டார் என்பான். இது அவளை ஒரு கணம் தடுமாற வைத்தது. ஆனால் கயிற்றைப் பற்றி அவள் கேட்கவில்லை. அது கூடையின் அடி. இப்போதே கையை விட்டால் உஷாராகிவிடுவான்.

வீட்டுக்குக் கீழே ரோட்டோரம் அந்த வெள்ளைக் கார் நின்றது. யாரும் பார்க்காதபோது அவள் போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். கதவு பூட்டவில்லை. பின் சீட்டில் அப்பாவின் மப்ளர். முன்னால் வேகம் காட்டும் மணிக்கூடுகள் இருக்கும் இடத்தில், ஒரு மூலையில் மட்டும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. நகத்தால் கிளப்பினாள். அடியில் வெறும் கண்ணாடி. ஒன்றுமில்லாத இடத்தை ஒருவன் எதற்காக மறைப்பான்? பாக்கியத்துக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தியே வந்தது. மூன்றாவது சாட்சி.

மேலே திரும்பி ஏறும்போது மப்ளர் ஞாபகத்துக்கு வந்து, கூடவே நேற்று வந்த போனும் ஞாபகம் வந்தது.

நேற்றுக் காலை பத்தேகாலுக்கு அப்பாவே கூப்பிட்டார். அவள் மலையில் நின்றாள். “பாக்கியம், அப்பா போறேன்டி. இந்தத் தடவ நெசமாவே போறேன்.” மருதை சாகப்போவதாக அறிவிப்பது அது பன்னிரண்டாவது தடவை. பலாக்கொட்டைக் குழம்பில் ஒரு தடவை செத்தார். தேர்த் திருவிழாவில் குதிகாலில் முள் ஏறி ஒரு தடவை. போன வருடம், மழை பிடித்தால் மலை சரிந்து இறங்கும் என்று எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் படுக்க வைத்த ராத்திரியில், குளிரிலேயே மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அழுது ஓடி வந்தது பாக்கியம். எழும்பி உட்கார்ந்து இடியப்பம் கேட்டது அப்பா.

“போயிட்டு வாங்கப்பா. நான் கொழுந்து நிறுத்துட்டு வாறேன்” என்று சொல்லிப் போனை மடியில் செருகிக்கொண்டாள்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

*

படங்கின் கீழே கதை இதற்குள் வளர்ந்திருந்தது. பெரகல சந்தியில் நேற்று கூடிய கூட்டத்தை நஸீர் நானா சொன்ன கணக்கில் பார்த்தால் ஊவா மாகாணத்தின் மற்ற எல்லா ஊர்களும் காலியாக இருந்திருக்க வேண்டும். பாக்கியம் பிளேன்டீத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள்.

“நானா, மொதல்ல இருந்து சொல்லுங்க. எனக்கு வெளங்கல.”

கேட்க ஆள் கிடைத்ததும் நானா நாற்காலியை இழுத்துப் போட்டார். “மகள், காருக்குள்ள காத்து போற கொழாய் ஒண்டு ஈக்கி. அதுல பெருவிரல் நுனி அளவுக்கு ஒரு சென்சர். அதுக்கு ஒரே வேலதான். உள்ள போற காத்து சூடா குளிரா எண்டு பாத்து எஞ்சின்ட மூளைக்குச் செல்லணும். குளிரு எண்டா மூளை பெற்றோலக் கூட ஊத்தும். சூடு எண்டா கொறைக்கும். வெளங்குதா?”

“வெளங்குது.”

“நேத்து நான் ஸ்கேனர மாட்டிப் பாக்குறன், மைனஸ் நாப்பது! வெயில்ல என்ட மொட்டத் தல பொரியுது, காரு செல்லுது நான் பனிக்கட்டிக்குள்ள ஈக்கிறன் எண்டு. பாவம், அது பயந்துபோய் பெற்றோல அள்ளி அள்ளி ஊத்துது. எரியாத பெற்றோல்தான் கறுப்புப் பொக. நான் சென்னன், சென்சர் மௌத்தாப் போச்சு, பதுளைக்கு ஆள் அனுப்பணும் எண்டு. அப்பதான் பின் சீட்டுல இருந்து சத்தம்.”

“என்ன சத்தம்?”

“‘டேய் நஸீரு, பாக்காமலே கொன்னுட்டியேடா.’”

கூட்டம் மறுபடி இருமியது. பாக்கியம் சிரிக்கவில்லை. ஆனால் அந்த ‘டேய் நஸீரு’ அப்பாவின் குரலிலேயே வந்து விழுந்தது.

“‘அதக் கழட்டி என் கையில குடு’ங்கிறார். குடுத்தன். ‘ரெண்டு நீள வயர எடு. ஒரு முனைய வண்டிப் பக்கத்துச் சொக்கட்டுல குத்து, மறு முனைய இதுல மாட்டு’ங்கிறார். ஜன்னல் வழியா வயர இழுத்து மாட்டினன். மனுசன் சென்சரப் பொத்திப் புடிச்சுக்கிட்டார். நான் முன்னால ஸ்கேனரப் பாக்குறன். மைனஸ் நாப்பது, ஒரே பாய்ச்சல்ல இருபத்தாறு! அப்புறம் இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரெண்டு... ‘ஏறுதாடா?’ங்கிறார். ‘ஏறுது அண்ணே’ங்கிறன். ‘அப்ப இது உசுரோடதான் இருக்கு. சொக்கட்டுதான் லூசு. அதப் பாரு’ங்கிறார். பாத்தா, சொக்கட்டுக்குள்ள தகடு விரிஞ்சு கெடக்கு! வண்டி ஆடுறப்ப விட்டு விட்டுப் புடிச்சிருக்கு. நாப்பத்தொரு வருசம் கராஜ் வச்ச நான் வெக்கப்பட்டு நிக்கிறன் மகள்!”

“கை கறுப்பானது அதுலயா?”

“பின்ன? அந்தக் கொழாய்க்குள்ள ஒரு யுகத்து எண்ணப் பெசுக்கு.”

விரலுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்பதற்கு முன்பே தயாராக இருந்த பதில் மாதிரியும் இருந்தது. அவள் கூடையைக் கவிழ்க்கும் நேரம் வந்துவிட்டதென்று முடிவு செய்தாள். ஆனால் அதற்குள் தப்புமேளம் முழங்கத் தொடங்கியது. பெட்டியை வாசலுக்குக் கொண்டு வந்தார்கள்.

*

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஈர வேட்டியோடு கஜேந்திரன் பெட்டியின் தலைமாட்டில் வந்து நின்றான். விதுஷா அழுது அழுது குரல் கம்மி, சுவரில் சாய்ந்திருந்தாள். புது மண்குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தார்கள். பாக்கியம் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“குடும்மா, நேரமாகுது” என்றார் ஒருவர்.

“அப்பாவோட அரைஞாண் கயிறு எங்க?”

தப்பு நின்றது.

“கேக்குறது உன்னத்தான் தம்பி. உசுரு இருக்கிற மனுசன் இடுப்புல இருந்து கயிற எடுக்க மாட்டாங்க. எங்கப்பா இடுப்புல கயிறு இல்ல. எப்ப அறுத்தீங்க? எங்க வச்சு உசுரு போச்சு? அதச் சொல்லிட்டுக் கொடத்தத் தூக்கு.”

“அக்கா!” என்று விதுஷா பாய்ந்து வந்தாள். “என்னக்கா பேசுற நீ? அப்பாவ முன்னால வச்சுக்கிட்டு?”

“அப்பாவுக்கு முன்னாலதான் கேக்கணும்.”

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவனுக்கு அவ்வளவு பேர் நடுவில் பதினோராவது எங்கிருந்து வரும்? கஜேந்திரன் நஸீர் நானாவைப் பார்த்தான். முதல் தடவையாக நானாவின் முகத்தில் கதை இல்லை.

“அது வண்டியில ஈக்கி மகள்” என்றார். “வந்து பாருங்க.”

பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பாதி சனம் கீழே இறங்கியது. இடுப்பில் குடத்தோடு பாக்கியம் முன்னால் நடந்தாள்; தண்ணீர் தளும்பிச் சேலையை நனைத்தது. கஜேந்திரன் காரின் பொனட்டைத் தூக்கி நிறுத்தினான்.

கறுத்த குழாய். அதில் பெருவிரல் நுனி அளவு ஒரு தலை. அதன் மேல் மாட்டியிருந்த சொக்கட்டைக் குழாயோடு சேர்த்து, நாலு சுற்றுச் சுற்றி, இறுக்கி, முடிச்சிட்டிருந்தது அப்பாவின் அரைஞாண் கயிறு. தாயத்து முடிச்சுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

“தகட்ட ஊசியால நெருக்கி மாட்டிட்டன்” என்றார் நஸீர் நானா, சத்தம் இல்லாமல். “ஆடினா மறுபடி விட்டுப்போகும் எண்டு, கட்ட ஒண்டு தேடினம். டேப்பு ஒட்டல்ல, ஒரே எண்ண. ‘கயிறுதான்டா புடிக்கும்’ எண்டு அவரே இடுப்புக்குள்ள கைய விட்டார். நான் வேணாண்டன். ‘எனக்கு இனி என்னத்துக்குடா’ன்னார். இந்த மருமகன்ட்ட குடுத்து, முடிச்சு எப்புடிப் போடணும் எண்டும் செல்லிக் குடுத்தார்.”

அவள் முடிச்சைப் பார்த்தாள். லொறியில் கொழுந்துச் சாக்குகளின் மேல் படங்கு இழுத்துக் கட்டும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். நுனியைச் சுண்டினால் ஒரே அவிழ்ப்பு. அந்த முடிச்சைக் கற்றுக் கொடுக்கும்படி சின்ன வயதில் அவள் அழுதிருக்கிறாள். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி” என்று சொல்லி, அன்றைக்கே கற்றுக் கொடுத்தார்.

குடத்தைக் காரின் முன்னால் இறக்கி வைத்துவிட்டு, சொக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் பலமாக ஆட்டினாள். கயிறு விடவில்லை.

“அந்த டேப்பு எதுக்கு?” என்றாள் திரும்பாமல். “மணிக்கூட்டுக்கிட்ட?”

இதற்குக் கஜேந்திரனே பதில் சொன்னான். “மஞ்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சுக்கா. ஒரு கெழமையா. ஹயருக்கு வர்றவங்க பயப்படுறாங்கன்னு ஒட்டி மறச்சேன். அன்னைக்கே காட்டியிருந்தா... மாமாட்ட சொன்னேன். லைட்ட மறச்சாலும் மலைய மறைக்க முடியாதுடான்னாரு. ஏசல. அப்புத்தள ஏத்தத்துல ‘இப்பதான் இழுக்குது’ன்னாரு. அதுக்கப்புறம் பேசல. தெமோதரைக்கிட்ட திரும்பிப் பாத்தேன். மூச்சு இல்ல.”

மலையிலிருந்து பனி இறங்கி, ரோட்டின் அடுத்த வளைவு தெரியாமல் போயிருந்தது.

பாக்கியத்தின் சந்தேகத்துக்குக் கடைசியாக ஒரு பிடி மிச்சமிருந்தது. சாமர்த்தியசாலிகள் கயிற்றைப் பிறகும் கட்டலாம். “அப்பா கையில புடிச்சாருன்னு நீங்க ரெண்டு பேருந்தான் சொல்றீங்க” என்றாள். குரலில் பலமில்லை.

நஸீர் நானா தலையைச் சொறிந்தார். களவு செய்து பிடிபட்டவரைப் போல் தோள்பையைத் திறந்து, செங்கல் அளவிலிருந்த ஸ்கேனரை எடுத்தார்.

“இதுல பதிஞ்சு கெடக்கு.”

“பதிஞ்சு கெடக்கா? காலையில இருந்து ஏன் காட்டல?”

“காட்டினா கத முடிஞ்சிடுமே மகள்.”

அவர் இரண்டு மூன்று பொத்தான்களை அமுக்கி அவளிடம் நீட்டினார். சின்னத் திரையில் நேற்றைய திகதி. நேரம் பதினொன்று ஐம்பத்தொன்று. அடியில் ஒரு பச்சைக் கோடு படுத்துக் கிடந்தது. மைனஸ் நாற்பது. படுத்தே கிடந்தது. பிறகு சடாரென்று எழும்பியது. இருபத்தாறு. அங்கேயிருந்து மெல்ல மெல்ல, கிழவன் படியேறுகிற மாதிரி, இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு. முப்பத்து நாலில் போய் நின்றது. அங்கேயே நேராக ஓடியது, நாலு நிமிடம்.

பிறகு கோடு முடிந்தது.

“இன்னொருக்கா போடுங்க நானா.”

போட்டார். அவள் மற்றதைப் பார்க்கவில்லை. அந்த நாலு நிமிடத்தை மட்டும் பார்த்தாள். நேற்று பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அவள் மலையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தாள்.

கஜேந்திரன் பொனட்டுக்குள் குனிந்து முடிச்சின் நுனியைப் பிடித்தான். “அவுத்துத் தாறேன்க்கா. மாமாவோட போக வேண்டியது.”

“விடு” என்றாள். “நீ பதுளைக்கு ஏறணும்ல. இருக்கட்டும்.”

அவன் எழுந்து நின்று வேட்டியில் கையைத் துடைத்தான். பாக்கியம் அவன் துண்டைச் சும்மாடாகச் சுற்றி, குடத்தைத் தூக்கி அவன் தோளில் வைத்தாள். குடம் ஆடுகிறதா என்று ஒரு தடவை அசைத்தும் பார்த்தாள். பழக்கம். புது மண்குடத்தின் கழுத்தில் அவள் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது.

மேலே தப்பு மறுபடி தொடங்கியது. படிகளில் ஏறி வந்ததும், மூட்டுவலியால் கீழே இறங்க முடியாமல் படங்கின் கீழேயே உட்கார்ந்திருந்த கொழுந்துக்காரக் கிழவி ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா பாக்கியம், நீயாச்சும் சொல்லு. இந்த நானா காலையில இருந்து அவுத்து விடுறது அத்தனையும் புளுகுதானே?”

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். பாக்கியம் நிறுத்துச் சொன்னால் அந்தத் தோட்டத்தில் மறுபேச்சுக் கிடையாது. நஸீர் நானா செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு படி கீழே நின்றுவிட்டார்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். நெஞ்சின் மேல் வைத்த கை அப்படியே இருந்தது; கழுவியும் போகாத அந்த விரல் மேலே தெரிந்தது.

“முப்பத்தாறு இல்ல. முப்பத்து நாலு” என்றாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, “மத்தது நடந்துச்சு பாட்டி” என்றாள்.